காரைக்குடிக்கு வராத காளை

(காரைக்குடியில் இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கிரிக்கெட் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ரெண்டு மூணு தோழர்கள் சிரிச்சாங்க. பஞ்சமி நிலம் இருக்கு, கண்டதேவித் தேர் வடம் இருக்கு, சுடுகாட்டுப் பாதை இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு மட்டையும் பந்தும் என்ன பேச்சு? அது வெள்ளைக்காரன் கொண்டாந்து பார்ப்பான் பிடிச்சுக்கிட்ட விளையாட்டு, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தம்பி நேராகவே கேட்டார். சரியான கேள்விதான். ஆனால் தம்பி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம காலனிக்குப் பின்னால் கண்மாய்க்குள்ள இறங்கிப் பாருங்க. இங்க நாம இருபது பேர் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கோம். அங்க நாற்பது பயலுக நிக்கிறானுக. அவனுகளைக் கூட்டத்துக்கு வரச் சொல்லி மூணு வருஷமா நோட்டீஸ் கொடுக்கிறோம், வரலை. அதனால் அவனுக நிக்கிற இடத்துக்கு இன்னைக்கு நான் போறேன்.

நான் எடுத்துக்கொண்டது 2016-ம் வருஷத்துப் பருவம் ஒன்று. ஆகஸ்ட் 24-ல் தொடங்கி செப்டம்பர் 18-ல் முடிந்த தமிழ்நாடு பிரிமியர் லீக், டி.என்.பி.எல். என்கிறார்களே, அதன் முதல் வருஷம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தியது. அணிக்கு இருபது ஓவர், மூணு மணி நேரத்தில் முடிஞ்சுரும். எட்டு அணிகள். சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ், திண்டுக்கல் டிராகன்ஸ், கோவை கிங்ஸ், மதுரை சூப்பர் ஜயன்ட்ஸ், திருச்சி வாரியர்ஸ், திருவள்ளூர் வீரன்ஸ், தூத்துக்குடியைச் சுருக்கி டூட்டி பேட்ரியாட்ஸ். எட்டாவது நம்ம ஊர். காரைக்குடி காளை.

மத்த ஊர்க்காரனுக்கெல்லாம் ராஜா, பூதம், பறவை நாகம் என்று இங்கிலீஷ்ல பேர். வீரனுக்குக்கூட இங்கிலீஷ் வால் ஒண்ணு முளைச்சிருந்துச்சு. நமக்கு மட்டும் சுத்தத் தமிழ்ல காளை. நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம்ம மாவட்டம் பேப்பர்ல வருதுன்னா ஒண்ணு வறட்சி, இல்லைன்னா வெட்டுக்குத்து. முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்துக்கு, அதுவும் டிவியில், 'காரைக்குடி' என்று எழுதி அதுக்குப் பக்கத்துல ரன் கணக்குப் போட்டான். 2010-ல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய பத்ரிநாத் நம்ம அணிக்குக் கேப்டன். காலனியில் அரசு கொடுத்த இலவச டிவி ஒண்ணு இன்னும் உசுரோட இருந்த வீடு எங்க சித்தப்பு வீடு. வாசல்ல சாக்கு விரிச்சு, டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சு, முப்பது நாற்பது பேர் பார்த்தோம். பொழுது சாய்ஞ்ச பிறகு நடக்கிற ஆட்டம். இது முக்கியம். அஞ்சு நாள் ஆட்டத்தைப் பார்க்க அஞ்சு நாள் சும்மா இருக்கிறவனால்தான் முடியும். கொத்து வேலைக்குப் போய்விட்டுக் கை கால் கழுவி உட்கார்ந்தவனும் பார்க்கிற மாதிரி கிரிக்கெட் சுருங்கியது நல்லதுதான். 'இருபது ஓவர் ஆட்டமா, அது கிரிக்கெட்டே இல்லை' என்று முகம் சுளிக்கிற பெரிய மனிதர்கள் யார், அவர்களுக்கு எத்தனை நாள் விடுப்பு என்று கணக்கெடுத்தால் ஒரு கட்டுரை தேறும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, பதினொரு வயசுப் பயல் ஒருத்தன் கேட்டான்: "மாமா, இந்தக் காளைய யாரு அவுத்து விடுவாக?"

எல்லாரும் சிரிச்சாக. அவனோட தாத்தா மட்டும் சிரிக்கலை. மஞ்சுவிரட்டுக்குப் பறையடிக்கப் போற ஆள் அவர். சிராவயல், கண்டிப்பட்டி, அரளிப்பாறை என்று மஞ்சுவிரட்டுக்குப் பேர் போன மண் இது. அதனால்தான் அணிக்குக் காளை என்று பேர் வெச்சிருக்கான். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த பிறகு, 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடுவதற்கு முன்னால், நடுவில் வந்த பருவம் இது. நிஜக்காளை கட்டுத்தறியில் நின்றது, பேர்க்காளை டிவியில் ஓடியது. ஆனால் பயல் கேட்டது அந்தத் தடையைப் பற்றி இல்லை. எங்க பக்கத்துல ஒரு ஊர். பேர் சொல்லலை. அங்கே நம்ம தெருக்காரன் மாடு வளர்க்கலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம், அடிபட்டவனைத் தூக்கலாம், மேளம் அடிக்கலாம். நம்ம தெருக் காளைக்குத் துண்டு கட்டி முறைப்படி அவுத்துவிட விட மாட்டான். பயலுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் கேட்டான்.

அன்னைக்கு அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வரலை. "இது வேற காளைடா" என்று சொல்லி வெச்சேன்.

அந்த மாசமே பயலுக ஒன்பது பேரை ஒரு வேன் பிடிச்சு நத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி வழியா. அங்கே கல்லூரி மைதானம் ஒன்றில்தான் திண்டுக்கல் பக்கத்து ஆட்டங்கள். அன்னைக்கு நம்ம காளை ஆடலை. கிடைச்ச நாள் அது, கிடைச்ச வேன் அது. விளக்கு வெளிச்சத்துல அந்தப் புல்லைப் பார்த்துட்டு ஒருத்தன் கேட்டான், "இதுல மாடு மேய விடுவாகளா?" திரும்பி வரும்போது இன்னொருத்தன் கேட்டான், "காரைக்குடி காளை எப்ப மாமா காரைக்குடிக்கு வரும்?"

இந்த ரெண்டாவது கேள்விக்கு எனக்கே பதில் தேட வேண்டியிருந்தது. அந்தப் பருவம் மூன்று மைதானங்களில் நடந்தது. சென்னையில் சேப்பாக்கம், நத்தத்தில் அந்தக் கல்லூரி மைதானம், திருநெல்வேலி பக்கம் சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். காரைக்குடியில் ஒரு ஆட்டமும் கிடையாது. அந்த வருஷம் மட்டுமில்லை. 2016 முதல் 2019 வரை நாலு பருவம் காரைக்குடி என்ற பேரில் ஒரு அணி ஆடியது. நாலு பருவத்திலும் காரைக்குடி மண்ணில் ஒரு பந்துகூட விழவில்லை. வீரர்களை அணிகள் பங்கு பிரித்து எடுத்துக்கொண்டன. பேரை எடுத்துக்கொள்ள ஊரை யாரும் கேட்க வேண்டியதுமில்லை.

சரி, எல்லா ஊருக்கும்தானே இப்படி, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதுக்கு நான் என் கதையைச் சொல்லணும்.

எங்க அய்யா ஒரு மைதானத்தில் வேலை பார்த்தார். எந்த மைதானம், யாருடையது என்று சொல்லப் போவதில்லை. ரோலர் இழுப்பது, புல் வெட்டுவது, தேங்காய் நார்ப் பாயை ஆட்டத்துக்கு முன்னால் விரித்து நாலு பக்கமும் ஆணி அடிப்பது, சுண்ணாம்பில் கோடு போடுவது, முடிந்ததும் பாயைச் சுருட்டித் தோளில் தூக்கி வைப்பது. ரெண்டு ஆள் தூக்க வேண்டிய பாய். இன்னொரு ஆள் கேட்டால் 'உன் மகனைக் கூட்டியா' என்றார்கள். அப்படித்தான் பன்னிரண்டு வயசில் நான் கிரிக்கெட்டுக்குள் வந்தேன். பாய் தூக்க.

1974-ல் இருந்து அஞ்சு வருஷம். எல்லைக்கு வெளியே போற பந்தை எடுத்துப் போடுவேன். அப்புறம் வலைப்பயிற்சியில் பந்து போட ஆள் இல்லாத அன்னைக்கு 'டேய், நீ போடுறா' என்றார்கள். வெறுங்காலோடு போட்டேன். பாயில் பந்து எகிறும். பதினாறு வயசில் அங்கே மட்டை பிடித்த யாருக்கும் என் பந்தை நிம்மதியாக ஆட முடியாது, இதைப் பெருமைக்காகச் சொல்லலை, அவர்களே சொன்னது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போடுவேன். மட்டையை ஒரு நாளும் என் கையில் கொடுத்ததில்லை. பந்து போடுறவனுக்கு மட்டை எதுக்கு?

ஒரு ஞாயித்துக்கிழமை வெளியூர் அணியோடு ஆட்டம். நம்ம பக்கம் ஒருத்தருக்கு கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டது. ஆள் இல்லை. பெரியவர் ஒருத்தர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். யாரோ ஒருத்தர் சட்டை கொடுத்தார்கள், தொளதொளன்னு. மூணு மணி நேரம் மைதானத்தில் நின்றேன், அய்யா கோட்டுக்கு வெளியே ரோலர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேட்ச் பிடிச்சேன். ஓடிப்போய், சாய்ஞ்சு, இடது கையில். கை தட்டினார்கள். ஆட்டம் முடிஞ்சதும் எண்ணிக்கை நோட்டைப் போய் எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அவுட்டானவர் பேருக்கு நேரே, பிடித்தவர் பேர் எழுதுகிற இடத்தில் 'சப்' என்று இருந்தது. மாற்று ஆள் என்று அர்த்தம். கிரிக்கெட் வழக்கம் அது, மாற்றாள் யாராக இருந்தாலும் 'சப்' என்றுதான் எழுதுவார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்னைக்கு எனக்குத் தெரியாது. நம்மாளுக்குத்தான் இப்படி எழுதுவார்கள் போல என்று நினைச்சேன். ரொம்ப வருஷம் அப்படியே நினைச்சேன்.

அப்புறம் டீ. அவர்களுக்கெல்லாம் கண்ணாடிக் கிளாஸ். எனக்குக் குழாயடியில் சிரட்டை. சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தவர் வாங்கலை, 'நீயே வெச்சுக்க' என்றார். அதைத் தாராளம் என்று நினைத்து அய்யா கும்பிட்டார். வீட்டுக்கு வந்து ஆத்தாதான் சொன்னது, "நீ போட்டதை இனி அவரு எப்படிடா போடுவாரு?"

1979 ஜூனில் உஞ்சனையில் நம்மவர் ஐந்து பேரைக் கொன்றார்கள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அய்யா என்னை மைதானத்துக்குக் கூட்டிப் போகவில்லை. "ஆட்டத்துல ஒருத்தன் கோவத்துல ஏதாச்சும் சொல்லுவான். நீ வயசுப்பய, திருப்பிச் சொல்லுவ" என்றார், அவ்வளவுதான். பந்து வீச்சு அதோடு முடிந்தது. நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், அரசு வேலைக்குப் போனேன். அம்பேத்கர் வாங்கிக் கொடுத்த இட ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அய்யா ஓய்வு வயசு வரைக்கும் ரோலர் இழுத்தார்.

சட்டை, சிரட்டை என்றேன். இந்த மண்ணுக்கு அதில் ஒரு சரித்திரம் இருக்கு. சிவகங்கை அப்போது ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1930 டிசம்பரில் இங்கே நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இது நம்ம பாட்டி சொன்ன கதை இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தன் புத்தகத்தில் பதிவு செய்தது. இப்போது ஒரு கிரிக்கெட்காரனை மனசில் நிறுத்திப் பாருங்கள். மேலே சட்டை, கீழே கணுக்கால் வரை கால்சட்டை, காலில் பூட்சு. உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றும் தடைப் பட்டியலில் இருக்கு. டிவியில் காளை அணி சட்டை போட்டு நின்ற பதினோரு பேரைப் பார்க்கும்போது, எண்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊர்ப் பக்கம் பனியனுக்கே அடி வாங்கிய நம்ம பாட்டன் எனக்கு நினைப்பு வந்தான். உங்களுக்கு வரணும் என்று கட்டாயமில்லை.

என் கதையைச் சொன்னால், 'அது அந்தக் காலம், உனக்கு அவ்வளவு திறமை இருந்திருந்தா மேலே வந்திருப்ப' என்பார்கள். ஆகவே உச்சத் திறமை இருந்த ஒருத்தர் கதையைச் சொல்கிறேன். பல்வங்கர் பாலு. 1876-ல் தார்வாரில் பிறந்தவர். சமார் சாதி, தோல் வேலை செய்கிற சாதி. புனேயில் பார்சிகளின் கிளப்பில் மாசம் மூணு ரூபாய்க்கும், பிறகு வெள்ளைக்காரன் கிளப்பில் நாலு ரூபாய்க்கும் மைதான வேலை. எங்க அய்யா வேலைதான். கிரெய்க் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரருக்கு நாள் தவறாமல் வலையில் பந்து போட்டுப் போட்டுப் பெரிய இடதுகைச் சுழல் வீச்சாளர் ஆனார். அவரை அவுட்டாக்கினால் தடவைக்கு எட்டணா என்று ஒரு கதை உண்டு. மட்டை மட்டும் அவர் கையிலும் கொடுக்கலை. இதைப் படித்த அன்னைக்குப் புத்தகத்தை மூடி வெச்சுட்டு வெளியே போய் நின்னேன்.

வெள்ளைக்காரனை ஜெயிக்கணும் என்ற ஆசையில் புனே இந்துக்கள் பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைப் பிராமணர்களும் தொட்டார்கள். இடைவேளையில் அவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறிகிற மண் குவளை. பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்குத் தீட்டு. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கிரிக்கெட் பந்து என்பது மாட்டுத் தோல். மீரட்டில் அதைப் பதப்படுத்தித் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் நம்ம ஜாதவ் சனம். வீசுறவன் அதில் எச்சிலைத் தடவித் தேய்ப்பான். 2020-ல் கொரோனாவுக்காக ஐ.சி.சி. தடை போடும் வரை உலகம் பூராவும் அதுதான் வழக்கம். நம்ம சனம் உரித்த தோல், நம்மாள் எச்சில், அது கை மாறிக் கை மாறிப் போகுது, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. டீ மட்டும் ஆகலை.

1906-ல் பம்பாயில் இந்துக்கள் வெள்ளைக்காரர்களை ஜெயித்ததில் பாலுவின் பங்கு பெரிது. 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணி பல ஆட்டம் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். அவ்வளவுக்கு அப்புறமும் இந்து அணிக்குக் கேப்டனாக்கவில்லை. 1920-ல் அவரைச் சேர்க்காமல் விட்டபோது தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். கிரிக்கெட் மைதானத்தில் நம்மவர் நடத்திய வேலைநிறுத்தம் அது. 1923-ல் விட்டல் கேப்டனாகி, இந்துக்கள் கோப்பை வாங்கினார்கள்.

பாலுவைக் கும்பிட்டுக் கோயில் கட்டவும் நான் சொல்லலை. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய ஆள் அவர்தான். அம்பேத்கர் 13,245 வாக்கு, பாலு 11,225. ரெண்டாயிரம் வாக்கில் தப்பினோம். விளையாட்டில் இடம் கொடுத்தவர்களுக்கு அரசியலில் நன்றிக்கடன் பட்டுப் போனார் என்று சொல்லலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். வேறு மாதிரி வாசிக்கிற தோழர்கள் எழுதட்டும், நானும் படிக்கிறேன்.

பாலு தொடங்கி வைத்த வரிசை என்ன ஆச்சு? 2018-ல் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் ஒரு கணக்கு வந்தது. அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய சுமார் 290 ஆண்களில் தலித்துகள் நாலே பேர் என்று. எந்தப் பட்டியலிலும் சாதி எழுதியிருக்காது, அதனால் ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கலாம். பத்து மடங்கு தப்பாக இருக்கட்டுமே, அப்போதும் நம்ம சனத்தொகைக்கு எட்டாது.

நடராஜன் வரலையா என்று பயலுக கேப்பானுக. வந்தார். அதையும் நியாயமாகச் சொல்லணும். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை போட்டவர். நான் சொல்கிற இந்த 2016 பருவத்தில்தான் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பத்து லட்சத்தில் தொடங்கி மூணு கோடிக்கு எடுத்தார்கள். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு ஆடினார். அவர் என்ன சாதி என்று நான் தேடவில்லை, தேவையும் இல்லை. டென்னிஸ் பந்தில் வளர்ந்த ஏழை ஊரான் மகன் ஒருத்தனுக்கு அந்தப் பருவம் ஒரு கதவைத் திறந்தது. இல்லைன்னு சொன்னா நான் பொய்யன். ஆனால் டென்னிஸ் பந்துக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று பாருங்கள். தோல் பந்து, பூட்சு, சென்னைக்குப் போய்த் தங்கி லீக் ஆட்டம், வீச்சில் குறை என்று சொன்னபோது ஒரு வருஷம் அதைத் திருத்திக் கொடுத்த ஆட்கள், பின்னால் நின்று தாங்கிய ஊர் அண்ணன் ஒருவர். நம்ம காலனிப் பயலுக்கு இதில் முதல் படியே இல்லை. கண்மாயில் மழை பெய்து தண்ணி வந்துட்டா ஐப்பசியிலிருந்து மாசி வரை அவனுக்கு மைதானமே கிடையாது.

அந்தக் காளை அணி என்ன ஆனது என்று கேட்டீர்கள் என்றால், 2020-ல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. 2021-ல் மறுபடி தொடங்கினபோது பட்டியலில் காரைக்குடி இல்லை. அதே அணி திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. காளையை அவுத்து, ஓட்டிக்கொண்டு போய், வேறு தொழுவில் கட்டிவிட்டார்கள். இங்கே ஒரு கடை அடைக்கலை, ஒரு போஸ்டர் ஒட்டலை, ஒரு கவுன்சிலர் வாயைத் திறக்கலை. ஊருக்கு வந்திருந்தால்தானே போனது தெரியும்? 2025-ல் அந்தத் திருப்பூர் அணி திண்டுக்கல்லை 118 ரன்னில் அடித்துக் கோப்பை வாங்கியது. 'மாமா, நம்ம காளை ஜெயிச்சிருச்சு' என்று எனக்குப் போன் வந்தது. பண்ணினது அன்னைக்குக் காளையை யார் அவுப்பாக என்று கேட்ட அதே பயல். இப்போது இருபது வயசு. திருப்பூரில்தான் பனியன் கம்பெனியில் வேலை. பாட்டன் போடக் கூடாது என்று தடுத்த பனியனைப் பேரன் மூட்டை மூட்டையாகத் தைக்கிறான். கண்மாயில் வேகமாகப் பந்து போட்டவன் அவன். மாவட்டத் தேர்வுக்கு ஒரு தடவை போனான். பூட்சு இல்லாமல் வந்தவனை வரிசையில் கடைசிக்குப் போகச் சொன்னார்கள், கடைசி வரும்போது வெளிச்சம் போயிருச்சு. யார் மேலும் புகார் சொல்லலை. சாதி கேட்டார்களா? கேட்கலை. பூட்சு இருக்கா என்றுதான் கேட்டார்கள்.

நம்ம பக்கத்துக் குறையும் ஒண்ணு இருக்கு. கண்மாய்க்குள்ள பொம்பளைப் பிள்ளைகளை இந்தப் பயலுக சேர்ப்பதில்லை. ரெண்டு பிள்ளைக கரையில நின்னு பந்து எடுத்துப் போடுதுக. நான் அய்யாவோட போய்ப் பந்து எடுத்துப் போட்ட மாதிரியே. போன வாரம் பயலுககிட்டச் சத்தம் போட்டேன். 'அதுகளுக்கு ஆடத் தெரியாது மாமா' என்றான் ஒருத்தன். இந்த வசனத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கேனே என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். விட மாட்டேன்.

இனிக் காரியத்துக்கு வர்றேன். 2024-ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் பேரில் விளையாட்டுச் சாமான் தொகுப்பு கொடுத்தார்கள். மட்டை, பந்து எல்லாம் அதில் உண்டு. நான் சொல்ற ஊராட்சியில் அது ஒரு பீரோவுக்குள்ள இருக்கு. சாவி ஊருக்குள்ள ஒருத்தர் வீட்டில் இருக்கு. பயலுக போய்க் கேட்டா, அவரு குளிச்சுட்டு வர்றேங்கிறாரு, சாப்பிட்டுட்டு வர்றேங்கிறாரு, பொழுது போயிருது. அது ஒரு விஷயம். ரெண்டாவது, காலனிக்கு வடக்கே கருவேலம் மண்டிக் கிடக்கிற புறம்போக்கு. நீர்நிலை இல்லை, மேய்ச்சல் இல்லை, நான் தாலுகா ஆபீசில் பதிவேட்டைப் பார்த்துட்டேன். மூணு பக்கம் வேலி போட்டு ஆளுக்கொரு மூலையாக வளைச்சுக்கிட்டு வர்றாக. மிச்சம் இருக்கிற அளவுக்கு ஒரு மைதானம் தாராளமா விழும். அதை விளையாட்டு மைதானம் என்று வகை மாற்றம் பண்ணிக் கொடுக்கச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதியிருக்கேன். மட்டை வேணும், பூட்சு வேணும் என்றெல்லாம் எழுதலை. முதல்ல இடம். சாவி விஷயத்தைத் தனி மனுவாக வெச்சிருக்கேன், ரெண்டையும் கலந்தா ரெண்டும் போயிரும். அரசு ஆபீசில் முப்பத்தேழு வருஷம் உட்கார்ந்தவன் சொல்றேன், நம்புங்க.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். காலை ஏழு மணி பஸ்ஸில் சிவகங்கை போறோம். குறைஞ்சது இருபத்தஞ்சு பேராவது வரணும், அதில் பத்தாவது பிள்ளைகளா இருக்கணும், அந்த ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளும் உட்பட. மனு அந்த மேசையில் இருக்கு. கையெழுத்துப் போடும்போது முழுப் பேரையும் எழுதுங்க, அப்பா பேரோட. முன்னெழுத்து மட்டும் போட்டு விட்டுராதீங்க. போட்டுட்டு டீ குடிக்கப் போகலாம்.